பழைய ஹெரால்டு வண்டியை வாங்கலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டுகளில் இம்மேடையில் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளாக இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதி வரும் எங்களிடம் அத்தகைய சரக்கு இல்லை. இதனைச் செயலாளர் அவர்களிடம் பணிவுடன் தெரிவித்தோம். “ஆறு மாதமாக ஊரெல்லாம் ஒரு பழைய காரைப் பற்றியே பேசித் திரிகின்றீர், அதையே மேடையிலும் பேசிவிடும்” என்று அவர் கட்டளையிட்டுவிட்டார். ஆதலின் குற்றம் ஏதேனும் இருந்தால் அதிற் பாதி அவரைச் சேரும்.

மற்றொன்றும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாங்கள், நாங்கள் என்று பன்மையிற் பேசுவதைக் கேட்டு, மைசூரில் இருப்பதால் அரசர் பன்மை தொற்றிக்கொண்டதோ என்று எவரும் எண்ண வேண்டா. இக்காரியத்தில் அசோகபுரம் பணிமனையில் ஃபிட்டராக இருக்கும் மைத்துனருக்குச் சரிபாதிப் பங்குண்டு. எங்கள் இல்லத்தரசியின் பங்கு பாதிக்கும் மேல்; அது பின்னர் விளங்கும்.

சரஸ்வதிபுரத்தில் வாழ்ந்து மறைந்த பெரியவர் ஒருவரை உங்களிற் பலர் அறிவீர்கள். சென்னையிலிருந்து பிழைப்பின் பொருட்டு இங்குக் குடிபெயர்ந்தவர். வரும்போது தம்முடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரையும் ஓட்டிக்கொண்டே வந்தார். 1967இல் சென்னையிற் பதிவான இரண்டு கதவு வண்டி. அவர் இளமையில், சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்த காலத்தில், தவறாமற் போய்ப் பார்த்து வந்தவராம். அந்த மோகம் இறுதிவரை தணியவில்லை. கூரையைக் கழற்றிவிட்டுத் திறந்த வண்டியாக அதில் அவர் சாமுண்டி மலைக்குப் போய்வந்ததைச் சிறுவயதில் எங்கள் மைத்துனர் கண்டிருக்கின்றார். பெரியவரின் கால்கள் தளர்ந்தபின் வண்டி கொட்டகையில் நின்றது. நின்றது நின்றதுதான், பதினைந்து ஆண்டுகள் ஆயின.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் அவருடைய துணைவியார் எங்களை அழைத்து, “தம்பி, பழைய இரும்புக்காரன் பதினெட்டாயிரம் தருகின்றேன் என்கின்றான். உங்கள் இருவரில் யாரேனும் எடுத்துக்கொள்வதானால் நாற்பதாயிரம் கொடுங்கள். அவர் ஏறி ஓட்டிய வண்டியை உடைக்கக் கொடுக்க மனம் வரவில்லை” என்றார்கள். அன்றிரவு எங்களுக்கு உறக்கம் இல்லை.

ஹெரால்டைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இங்கிலாந்தில் டிரையம்ப் என்னும் பெயரால் 1959இல் வெளிவந்தது. வடிவம் வரைந்தவர் இத்தாலி நாட்டு மிக்கெலோட்டி. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 1961 முதல் இதனை இங்கே செய்தனர். எஞ்சின் 948 கன சென்டிமீட்டர். முன்பக்கம் முழுவதும், இரு மட்கார்டுகளோடும் சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். திறந்தபின் முன் சக்கரத்தின் மேலேயே அமர்ந்து எஞ்சினில் வேலை பார்க்கலாம். இவ்வளவு வசதியை மெக்கானிக்குக்குச் செய்து கொடுத்த கார் வேறொன்றை எங்கள் மைத்துனர் கண்டதில்லையாம்.

இதைவிட முக்கியமானது அதன் அமைப்பு. அக்காலத்திற் பல கார்கள் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே வார்த்தது போல வரத் தொடங்கிவிட்டன. ஹெரால்டோ நம் இரயில் பெட்டியின் பழைய முறைப்படி, கீழே தனிச் சட்டம், மேலே துண்டு துண்டாக உடல், எல்லாம் போல்ட்டால் முடுக்கப்பட்டவை. கூரையும் அவ்வாறே, போல்ட்டுகளை நீக்கினால் கூரை தனியே கையோடு வந்துவிடும். இந்தச் சட்டத்தையே சற்றுக் குறுக்கி, 1962இல் அதே டிரையம்ப் நிறுவனத்தார் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் பந்தயப் பாணிக் காரைச் செய்தனர். பெரியவர் கூரையைக் கழற்றியதன் மருமம் இதுதான். ஸ்பிட்ஃபயர் வாங்க வழியில்லாதவர், அதன் தமையனின் தொப்பியைக் கழற்றி மகிழ்ந்தார்.

உண்மையைச் சொன்னால் எங்களையும் மயக்கியது அந்தக் கூரையில்லாத் தோற்றமே. ஆயினும் கணக்கெழுதும் கை சும்மா இராது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்று பெங்களூரில் விற்பனைக்கு நின்ற மற்றொரு ஹெரால்டையும் பார்க்கச் சென்றோம். அதுவும் திறந்த வண்டி. குங்குமச் சிவப்பு, முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. மூன்றரை இலட்சம் என்றார்கள். மைத்துனர் சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துக் கதவின் அடிப்பகுதியில் வைத்தார். காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. தகரம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது பட்டி! சக்கர வளைவிலும் அவ்வாறே. கதவைத் திறந்தால் மீண்டும் மூட இருவர் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கூரை போனபின் சட்டம் நடுவில் தொய்ந்திருந்ததன் அடையாளம் அது. சட்ட எண் பொறித்த தகட்டில் இருந்த ரிவெட்டுகள் மட்டும் புத்தம் புதியவை. “அத்தான், இவர்கள் விற்பது காரன்று, வண்ணம்” என்று மைத்துனர் காதோடு சொன்னார். ஒரு காப்பியை அருந்திவிட்டுத் திரும்பினோம்.

பின்பு சரஸ்வதிபுரத்து வண்டியை நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆராய்ந்தோம். வெளித்தோற்றம் பார்க்கச் சகிக்காது. எலி இருக்கையைத் தின்றிருந்தது. வயர்கள் பொடிந்து உதிர்ந்தன. ஆனால் வண்டிக்கடியிற் படுத்து, சட்டத்தினின்று இருபுறமும் நீளும் கைகளைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தபோது, இரண்டு இடங்கள் நீங்கலாக, எங்கும் கணீரென்ற ஓசையே கேட்டது. சேறும் ஈரமும் தங்கி முதலில் அரிப்பெடுப்பது அந்தக் கைகளே. எஞ்சின் இறுகியிருந்தது. மைசூரில் ஜாவா மோட்டார் சைக்கிள் ஆலையில், 1996இல் அது மூடப்படும் வரை வேலை பார்த்த முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். இவ்வூரில் இன்றும் பழைய வண்டிகளுக்கு உயிரளிப்போர் அவரைப் போன்றோரே. அவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளில் எண்ணெய் விட்டு, “எட்டு நாள் தொடாதீர்கள்” என்று கட்டளையிட்டுச் சென்றார். ஒன்பதாம் நாள் கையால் சுற்ற, எஞ்சின் மெல்லச் சுழன்றது. அம்மையார் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் பேசவில்லை, உள்ளே சென்று காப்பி போட்டார்கள்.

இவ்விடத்தில், ஹெரால்டு வைத்திருப்போர்க்கும் வாங்க நினைப்போர்க்கும் ஒன்று. முன் சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமாக அடியில் ஒரு வெண்கலத் துண்டு உண்டு. டிரன்னியன் என்பர். சக்கரத்தைத் தாங்கும் தண்டு அதில் திருகுபோல முடுக்கப்பட்டுச் சுழல்கின்றது. அதற்கு இடவேண்டியது கெட்டியான கியர் எண்ணெய், கிரீஸ் அன்று. கிரீஸை இட்டு மறந்துவிட்டால் துரு ஏறித் தண்டு ஒருநாள் முறியும். முறிந்தால் சக்கரம் மடங்கிக் கீழே போய்விடும். இதை ஓடும்போது அறிவதைவிட வாங்குமுன் அறிவது நலம். நாங்கள் பார்த்த வண்டியில் ஒன்று சரி, மற்றது மாற்றவேண்டியது. ஸ்பிட்ஃபயருக்கும் இதே வகைப் பாகமாதலின் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றனர். சுங்கமும் கப்பற் கூலியும் நம் தலையில். சில்லறைப் பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையும் பெங்களூர்ச் சிவாஜிநகரும் இருக்கவே இருக்கின்றன.

இரும்பு தேறிவிட்டது. காகிதம் தேறவேண்டுமே! எங்களுக்கு மெய்யான அதிர்ச்சி அங்கேதான் காத்திருந்தது. பதிவுப் புத்தகத்தில் வண்டியின் வகை, கூரையுள்ள சலூன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆலையார் குறித்த வடிவத்தினின்று வண்டியை மாற்றுதல் கூடாது என்கின்றது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில், உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்திவிட்டது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழமை வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு தனி விதி வகுத்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், கண்காட்சிக்கும் பழைய வண்டி ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், அன்றாடம் ஓட்டலாகாது. அந்த விதியும் மூல வடிவம் மாறாதிருத்தல் வேண்டும் என்றே கூறுகின்றது. சாதாரணப் பதிவையே புதுப்பிக்கலாம் என்றால், இருபதாண்டு கடந்த காருக்கு 2025இல் கட்டணம் 10,000 ஆயிற்று. அதற்குமுன் தகுதிச் சோதனை வேறு. எவ்வழியிற் போனாலும் கூரையின்றிப் போக வழியில்லை. எங்களை மயக்கியது எதுவோ, அதுவே வண்டிக்குக் குற்றமாயிற்று.

ஒரு வாரம் சோர்ந்திருந்தோம். வேண்டாமென்று சொல்லிவிடலாம் எனத் துணிந்து அம்மையாரிடம் சென்றோம். கூரை இல்லாமையை மெல்ல எடுத்துரைத்தோம். “கூரையா? கொல்லையில் விறகின்மேற் கிடக்கின்றதே!” என்றார்கள். ஓடிப் பார்த்தோம். இருபத்தைந்து ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கி, விறகை நனையாமற் காத்து, ஹெரால்டின் கூரை அங்கே வீற்றிருந்தது. அதன் கீழே ஒரு பூனையும் மூன்று குட்டிகளும். கண்ணாடி போயிருந்தது, தகரம் போகவில்லை. பெரியவர் நல்ல எண்ணெய் வண்ணம் பூசி வைத்திருக்கின்றார்.

இனி வாங்கலாம். ஆனால் எதை? கூரையேற்றிய பின் அது பந்தயப் பாணி வண்டியன்று. எங்கள் பக்கத்து வீட்டு ஆசிரியர் ஒரு காலத்தில் பள்ளிக்கு ஓட்டிச் சென்றதைப் போன்ற சாதுவான கார். ஆசைப்பட்டது ஒன்று, வாங்கத் தக்கது மற்றொன்று. மைத்துனர் அதனால் மனம் தளர்ந்தார் என்பதை மறைப்பானேன்? இரண்டு நாள் எங்களோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் தாமே வந்து, “கொடுத்துவிட்ட இரும்பை எவனும் திருப்பித் தரமாட்டான், அத்தான், கழற்றிய கூரையை எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம்” என்றார்.

எஞ்சியது இல்லத்தரசியின் ஒப்புதல். அதற்கென்று அலுவலக முறைப்படி ஒரு மதிப்பீடு எழுதினோம். தகர வேலை, வண்ணம், வயரிங், பிரேக், டயர்கள், இருக்கைத் துணி, கட்டணங்கள், எதிர்பாராச் செலவு. கூட்டினால் இரண்டு இலட்சத்து எழுபதாயிரம். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். “மகளின் கல்லூரிக்கென்று வைத்த பணம் இதில் உண்டா?” இல்லை என்றோம். “இதைச் சீர்செய்தபின் விற்றால் போட்ட பணம் வருமா?” வராது என்றோம், இது வியாபாரமன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டது நல்லதாயிற்று. “எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்?” இதற்கு விடை எங்கள் மதிப்பீட்டில் இல்லை. பெட்டிகளைப் பிரித்துச் சீர்செய்யும் பணிமனையில் வேலை பார்ப்பவரை உடன் வைத்துக்கொண்டும் நாட்கணக்கை எழுத மறந்திருந்தோம்! மைத்துனர் விரல்விட்டு எண்ணி, நூற்றைம்பது என்றார். மூன்று ஆண்டு.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின் கூறிய தீர்ப்பு இது: மாதம் நான்காயிரத்துக்கு மேல் செலவு கூடாது. கடன் கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்குரியது. அன்று காரின் பெயரையும் எடுக்கலாகாது. செலவு ஒவ்வொன்றும் நோட்டில் எழுதப்பட வேண்டும். நோட்டு அவரிடம் இருக்கும். நாங்கள் ஒப்பினோம். நான்காயிரம் வீதம் மூன்று ஆண்டில் எவ்வளவு ஆகும் என்று நீங்கள் மனக்கணக்குப் போடுவது தெரிகின்றது. இரண்டரை ஆண்டுக்கு மேல் கூடுதலாகும். அதையும் அவர் அறிவார்.

இப்போது வண்டி எந்நிலையில் உளது என்று கேட்பீர்கள். ஐயாயிரம் முன்பணம் கொடுத்திருக்கின்றோம். பதிவு மறைந்த பெரியவர் பெயரிலேயே இருப்பதால் முதலில் அம்மையார் பெயருக்கு மாறவேண்டும். அதற்குப் படிவம் 31. பிறகு தமிழ்நாட்டிலிருந்து தடையின்மைச் சான்று. பெரியவர் இங்கு வந்தபோதே அதை வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை. சென்னைக்கு இருமுறை போய்வந்தாயிற்று. இரயில்வேக்காரர்களாதலின் பயணச் செலவு குறைவு. அங்கே ஒரு கோப்பு நகர்கின்றது என்றார்கள். கோப்பு நகரும் வேகத்தை நாங்களும் உள்ளிருந்து அறிந்தவர்கள், வருந்தவில்லை. காகிதம் கைக்கு வரும்வரை மீதிப் பணம் கொடுப்பதில்லை, ஒரு திருகாணியையும் புதிதாக வாங்குவதில்லை என்பது முடிவு. துருப் பிடிக்காதிருக்க எண்ணெய் தடவுவது மட்டும் நடக்கின்றது.

கூரையை மட்டும் முன்னரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பூனைக் குட்டிகள் கண் திறந்து நடமாடும்வரை காத்திருந்து, ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றினோம். ஏற்றும்போது அம்மையார், விறகு நனையுமே, மேலே போட ஒரு தார்ப்பாய் வேண்டும் என்றார்கள். தேவராஜ மார்க்கெட் பக்கம் சென்று வாங்கிக் கொடுத்தோம். 650 ரூபாய். நோட்டில் ஹெரால்டு என்னும் தலைப்பின் கீழ் முதல் செலவாக அது எழுதப்பட்டிருக்கின்றது.