உடைந்த சாவியும் நான் ஒழுங்காக ராவாத இரும்புத் துண்டும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் கூடல் விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் செயற்கை நுண்ணறிவு பற்றி அருமையாகப் பேசினார். அவருக்குப் பிறகு என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. நான் பேசப் போவது ஒரு கார் சாவியைப் பற்றி. முழுச் சாவி கூட இல்லை, பாதிச் சாவி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த கம்பெனி மெதுவாக மூச்சை நிறுத்திக் கொண்டிருந்தது. மூணு மாசச் சம்பளம் வரவில்லை. வீட்டில் ஒரு மாசம் என்றுதான் சொல்லியிருந்தேன். பாங்கில் இருந்தது ஆறாயிரத்துச் சொச்சம். அந்த நேரத்தில் திருப்போரூர் பக்கம் ஒரு கட்டட வேலையை மேற்பார்வை பார்க்க ஒரு காண்டிராக்டர் கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு கான்கிரீட். நீங்க வந்தா உங்களுக்கு, வரலேன்னா இன்னொருத்தருக்கு" என்றார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாமல்லபுரத்தில் ஒருவரைப் பார்த்துவிட்டு, கடற்கரைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த வண்டியில் ஏறினேன். அப்பா ரிட்டயர் ஆனபோது வாங்கின சின்ன வண்டி. அப்பா இப்போது இல்லை, வண்டி மட்டும் இருக்கிறது.

சாவி திரும்பவில்லை. அழுத்தித் திருப்பினேன். இன்னும் அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கைப்பிடி என் கையில், மீதி பூட்டுக்குள்ளே.

இந்த இடத்தில் ஒரு இன்ஜினியர் என்ன செய்திருக்க வேண்டும்? சும்மா இருந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பெட்டிக் கடையில் சரம் சரமாகத் தொங்குமே, அந்த உடனே ஒட்டும் பசை, அதில் ஒன்று வாங்கி உடைந்த முனையில் தடவி, உள்ளே இருக்கும் துண்டோடு ஒட்டி இழுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. பசை மட்டும் பூட்டுக்குள் இறங்கிவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் இதையேதான் செய்வீர்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குப் போன் போட்டேன். இக்னிஷன், கதவுகள், பெட்ரோல் டாங்க் மூடி எல்லாம் சேர்ந்த முழு செட்டாகத்தான் மாற்ற முடியும், பதினோராயிரம் ஆகும், வண்டியை இழுத்து வர தனிக் கட்டணம், மூணு நாள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, என் பாங்கில் இருந்ததுதான் தப்பு.

கார் கதவைப் பூட்ட வழியில்லை. உள்பட்டனை அழுத்திச் சாத்தினால் திரும்பத் திறக்கச் சாவி கிடையாது. இளநீர் விற்றுக் கொண்டிருந்த அம்மா, "நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா கண்ணு" என்றார்கள். பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்தேன். அங்கே ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு மரப்பெட்டியும் குடையும் வைத்துக் கொண்டு சாவி போடும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒரு தடவை கூடப் பேசியதில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பசை ஊத்துனியா?"

எண்ணூறு ரூபாய், சாவிக்குத் தனி என்று பேசி, அவருடைய மொபட்டின் பின்னால் உட்கார்ந்து முப்பது கிலோமீட்டர் திரும்பி வந்தோம். நடுவில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நிறுத்தி நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஒரு பாட்டில் வாங்கச் சொன்னார். லேபிளைப் படித்து 'அசிட்டோன்' இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அசிட்டோன் இல்லாத வகையும் கடையில் விற்கிறது, அது இந்தப் பசையைக் கரைக்காது. கெமிஸ்ட்ரியில் எனக்கு எழுபத்தெட்டு மார்க், நண்பர்களே!

இப்போது கொஞ்சம் பாடம். மாணவர்கள் முகம் சுளிக்க வேண்டாம்.

நாம் 'இக்னிஷன்' என்று ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் மூன்று சாமான். முன்னால் இருப்பது பூட்டு உருளை. அதற்குள்ளே ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள். சரியான சாவி போனால் எல்லாத் தகடும் உருளையின் மட்டத்துக்கு உள்வாங்கிக் கொள்ளும், உருளை திரும்பும். ஒரே ஒரு தகடு நீட்டிக் கொண்டிருந்தாலும் திரும்பாது. இரண்டாவது, ஸ்டியரிங்கைப் பிடித்துக் கொள்ளும் இரும்பு நாக்கு. மூன்றாவது, உருளைக்குப் பின்னால் இருக்கும் மின்சார சுவிட்ச். இந்த மூன்றில் எது கெட்டது என்று தெரியாமல் மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறோம்.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. கெட்டரிங் என்ற அமெரிக்கர் 1911-இல் மின்சார ஸ்டார்ட்டரைச் செய்து காட்டி, 1912 கேடிலாக் வண்டியில் அது வந்தது. அதற்கு முன்னால் முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும், அது திருப்பி அடித்தால் கை போய்விடும். ஸ்டார்ட்டர் வந்த பிறகும் ரொம்ப நாள் சாவி வேறு, ஸ்டார்ட் பட்டன் வேறுதான். சாவியைத் திருப்பினாலே ஸ்டார்ட் ஆகிற ஏற்பாட்டை 1949-இல் கிரைஸ்லர் கொண்டு வந்தது. அன்றிலிருந்து நம் விரல் பலம் முழுவதையும் அந்த மெல்லிய தகட்டுத் துண்டு தாங்கிக் கொண்டிருக்கிறது.

சரி, கடற்கரைக்கு வருவோம். அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் இளநீர் அம்மா கடை கட்டிவிட்டு, மகனைக் காவலுக்கு உட்கார வைத்திருந்தார்கள். பெரியவர் உள்ளே உட்கார்ந்ததும் சாவித் துண்டைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து இடமும் வலமும் மெதுவாக ஆட்டினார். "சக்கரத்தை ஓரத்துக் கல்லுல முட்ட வச்சி நிறுத்தியிருக்க. ஸ்டியரிங் லாக் மேல மொத்த இறுக்கமும் நிக்குது. ஒரு கையால இத ஆட்டிக்கினே சாவியத் திருப்பியிருந்தா இன்னிக்கி நான் வீட்ல சாப்டுக்கினு இருப்பேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு எண்ணூறு ரூபாய் கொடுக்கலாம். உங்களுக்கு இலவசம்.

பிறகு மரச் சிற்பம் அறுக்கும் மெல்லிய ரம்பத் தகடு ஒன்றை எடுத்தார். பற்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி, சாவித் துண்டின் வெட்டுப் பக்கமாக உள்ளே நுழைத்து, லேசாகத் திருகி, பல்லில் கொக்கி மாதிரி மாட்டி இழுத்தார். அரை மில்லி வந்தது, திரும்ப உள்ளே போனது. மூணாவது தடவை வெளியே வந்து விழுந்தது. சாவி போட்ட நிலையிலேயே உடைந்ததால்தான் இது முடிந்தது. பாதி திரும்பின நிலையில் உடைந்திருந்தால் உருளையை முதலில் பழைய நிலைக்குக் கொண்டு வந்தாக வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு இழுத்தாலும் வராது.

ரெண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் புதுச் சாவி ராவினார். போட்டால் கஷ்டப்பட்டுத்தான் திரும்பியது. துண்டை டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, "இது ஒரிஜினல் இல்ல, காப்பி. அந்தக் காப்பியும் தேஞ்ச சாவியப் பாத்துப் போட்டது" என்றார். தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் எடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். தகடுகள் சரியான மட்டத்துக்கு வராது, நாம் அழுத்தித் திருப்புவோம், வெட்டு ஆழமாக இருக்கும் இடத்தில் உலோகம் களைத்துப் போய் ஒருநாள் முறியும். கூடவே அரைக் கிலோ சாவிக் கொத்தையும் அதில் தொங்கவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு வெறுஞ்சாவியை எடுத்து, அரத்தோடு என்னிடம் நீட்டினார். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீ இன்ஜினியர்தானே, புடி."

முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் இருக்கிறதா, நண்பர்களே? ஒரு சதுர இரும்புத் துண்டைக் கொடுத்து, மட்டமாக ராவி, வி-வெட்டு போடச் சொல்வார்கள். ராவ ராவ நடுவில் மேடு விழும். நான் ரெண்டு நாள் ராவிவிட்டு, கை கொப்பளித்ததும், சீனியர் ஒருவர் செய்து வைத்திருந்த துண்டில் என் நம்பரை அடித்துக் கொடுத்துவிட்டேன். பத்துக்கு ஒன்பது மார்க். அந்த ஷாப் இன்ஸ்ட்ரக்டர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் இன்று வரவில்லை. வந்திருந்தால் நேரில் சொல்லியிருப்பேன்.

அன்று ராத்திரி கார் கதவின் மேல் சாவியை அழுத்திப் பிடித்துக் கொண்டு ராவினேன். மேடு விழுந்தது. "கை ஆடுது பாரு. முன்னாடி தள்ளும்போது மட்டும் அழுத்து, பின்னாடி வரும்போது தூக்கு" என்றார். இன்ஸ்ட்ரக்டர் சொன்ன அதே சொற்கள். ஒரு சாவி வீணானது. மூணாவதில் அவர் கையும் என் கையும் சேர்ந்து வேலை செய்து, பதினொன்றே கால் மணிக்கு செல்ஃப் எடுத்தது. மொத்தச் செலவு ஆயிரத்து முந்நூறு, டீ தனி. காலை ஆறு மணிக்கு நான் கான்கிரீட் பக்கத்தில் நின்றேன். அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன்.

கதை இதோடு முடியவில்லை. ரெண்டு வாரம் கழித்து ஓடிக் கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றது. சாவியை லேசாக ஆட்டினால் வரும், விட்டால் போகும். இது பூட்டு இல்லை, பின்னால் இருக்கும் சுவிட்ச். உள்ளே தாமிர முனைகள் தேய்ந்து கரிந்திருந்தன. என் வண்டியில் ரெண்டு ஸ்க்ரூதான், சுவிட்ச் மட்டும் தனியாகக் கடையில் கிடைத்தது. பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு நானே மாற்றினேன். நண்பர்கள், "சுவிட்ச் எதுக்கு, ஒரு புஷ் பட்டன் வச்சிடு" என்றார்கள். பழைய வண்டி பலவற்றில் அப்படித்தான் ஓடுகிறது. ஃபியூஸ் இல்லாமல் ஒயர் இழுத்தால் தீப்பிடிக்கும், யார் வேண்டுமானாலும் ஸ்டார்ட் செய்வார்கள். அதைவிட முக்கியம், சாவி இல்லாமல் ஓட்டும்போது ஸ்டியரிங் லாக் விழுந்தால் திருப்பத்தில் நேராகப் போவீர்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே உப்புக்காற்று அரித்திருக்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழைப் பூசி உப்பை உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். நம் பூட்டு எம்மாத்திரம்? அதற்காகத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும். பென்சில் முனையைச் சுரண்டிய கிராஃபைட் தூள் போதும். பெரியவர் தன் சாவிகளுக்கு அதைத்தான் தடவுகிறார்.

புது வண்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களில் மின்னணுத் திருட்டுத் தடுப்பு கட்டாயம். நம் ஊர் வண்டிகளிலும் இப்போது சாவித் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. அது இல்லாமல் வெட்டின சாவி பூட்டைத் திருப்பும், வண்டியை ஓடவிடாது. உங்கள் சாவி முறிந்தால் பிளாஸ்டிக் தலையைத் தூக்கிப் போடாதீர்கள். அதைப் பூட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக் கொண்டு, சாதாரண உலோகச் சாவியால் திருப்பினால் பெரும்பாலும் அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம். சாவிக்கென்று தனி இன்சூரன்ஸ் சேர்ப்பும் பல கம்பெனிகளில் உண்டு. ரெண்டு சாவியும் கையில் இருக்கும்போதே மூணாவதைப் போட்டுக் கொள்வது மலிவு. எல்லாம் தொலைந்த பிறகு கேட்டால் விலை வேறு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எல்லாம் முடிந்து வீட்டில் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன், சம்பள விஷயத்தையும் சேர்த்துத்தான். அம்மா எழுந்து போய் சாமி அலமாரியிலிருந்து ஒரு விபூதிப் பையை எடுத்து வந்தார்கள். உள்ளே அந்த வண்டியின் இரண்டாவது ஒரிஜினல் சாவி, நம்பர் பொறித்த சின்னத் தகட்டோடு, ஒரு கீறல் இல்லாமல். "அப்பா வச்சது. நீ கேக்கவே இல்லியேடா" என்றார்கள். இரண்டையும் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது, சாவியையும், சம்பளம் இல்லாத மாதத்தை அவர் எப்படி ஓட்டினார் என்பதையும். அந்தச் சாவி வெண்ணெயில் போவது போல் திரும்பியது. அதை வைத்துப் பெரியவரிடம் ரெண்டு நகல் போட்டுக் கொண்டு, ஒரிஜினலைத் திரும்ப விபூதிப் பையிலேயே வைத்துவிட்டோம்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மாணவர்களே, மேடைக்கு இடது பக்க மேஜையில் காயலான் கடையில் எடை போட்டு வாங்கின ஒரு பழைய இக்னிஷன் பூட்டு, நாலு வெறுஞ்சாவி, ரெண்டு அரம் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் வந்து கழற்றிப் பார்க்கலாம். ஸ்பிரிங் தெறித்தால் தேடிக் கொடுங்கள், எண்ணி வைத்திருக்கிறேன்.