பழைய படகுகிட்ட கேட்க வேண்டிய மூணு கேள்வி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் ஹாம்பர்க்ல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். நம்ம ஊர்க்காரர், நம்ம துறைதான். அவரும் அவர் மனைவியும் மூணு வருஷமா பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்கிட்டு இருக்காங்க. இப்போ சொந்தமா ஒண்ணு வாங்கணும்னு ஆசை. கிரீஸ்ல பிரெவேசா ஊருக்கு எதிர்க்கரையில, அக்தியோங்கிற இடத்துல ஒரு படகைப் பார்த்து வெச்சிருக்கார். 36 அடி நீளம், 1999ல கட்டினது, பிரிட்டிஷ் கொடி, விலை 32,000 யூரோ. ரெண்டு பேரோட சேமிப்புல பெரும்பகுதி அதுலயே போயிடும். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ப்ரோ, வாங்கலாமா?"

படகைப் பார்க்காம ஆமா, இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா அவருக்குப் பதில் சொல்றதுக்காக சர்வே அறிக்கைகள், விபத்து விசாரணை அறிக்கைகள், வரி விதிகள்னு நிறைய படிச்சேன். அதுல எனக்குப் புரிஞ்சது இதுதான்: பழைய படகுக்கு வயசைவிட வரலாறு முக்கியம். நீங்க ஒரு பழைய கோட்பேஸை டேக்ஓவர் பண்ணும்போது ஸ்கிரீன் எவ்வளவு அழகா இருக்குன்னு மட்டும் பார்ப்பீங்களா? கமிட் ஹிஸ்டரியைத் தோண்டுவீங்க இல்லையா? படகுலயும் அதே வேலைதான். வித்தியாசம் என்னன்னா, இங்க யாரும் ஒழுங்கா கமிட் மெசேஜ் எழுதி வைக்கலை.

முதல்ல, கிரீஸ்ல ஏன் இவ்வளவு பழைய படகு? ஃபைபர் கிளாஸ் உடம்பு சுலபத்துல அழியாது. 40 வருஷப் படகுகூட இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும். ஆனா ஓட்டுறவங்களுக்கு வயசாகுது, முட்டி வலிக்குது, பேரப்பிள்ளைங்க வர்றாங்க, விக்கிறாங்க. இன்னொரு பக்கம், டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடுற கம்பெனிகள் சில வருஷத்துக்கு ஒரு தடவை பழசைக் கழிச்சுட்டு புதுசு வாங்குவாங்க. அந்தப் படகுகளும் சந்தைக்கு வரும். அக்தியோ மாதிரி இடங்கள்ல குளிர்காலத்துல நூத்துக்கணக்கான படகுகளைக் கரையில ஏத்தி, முட்டுக் கொடுத்து நிறுத்தி வெச்சிருப்பாங்க. போட்டோவுல எல்லாமே வெள்ளையா பளபளன்னு ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால அந்தப் படகுகிட்டயே மூணு கேள்வி கேட்கணும்.

முதல் கேள்வி: அன்னிக்கு ராத்திரி எங்க இருந்தே?

எந்த ராத்திரின்னு கேட்கிறீங்களா? 2020 டிசம்பர் 31. பிரெக்ஸிட்டுக்கு அப்புறமான இடைக்காலம் முடிஞ்ச ராத்திரி அது. அந்த நேரத்துல படகு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள இருந்து, அதுக்கு முன்னாடி வாட் வரியும் கட்டியிருந்தா, அது ஒன்றியத்துப் பொருளாவே தொடரும். அதே படகு பிரிட்டன்ல ஏதாவது ஒரு துறைமுகத்துல தூங்கிக்கிட்டு இருந்தா, அந்தத் தகுதி போச்சு. ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே மாடல்ல ரெண்டு படகு. எங்க கட்டியிருந்ததுங்கிற ஒரே காரணத்துக்காக வேற வேற வரி நிலைமை.

இதுல நம்ம நேயர் கவனிக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. விக்கிறவர் பிரிட்டன்ல வசிக்கிறவர். "எனக்கு இதுவரைக்கும் வரிப் பிரச்சினையே வந்ததில்லை"ன்னு சொல்றார். அது முழு உண்மையாவே இருக்கலாம். ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கிறவர், வெளிநாட்டுல பதிவான தன்னோட படகை வாட் கட்டாம 18 மாசம் வரைக்கும் உள்ளே வெச்சுக்கலாம். தற்காலிக அனுமதின்னு ஒரு விதி. ஆனா ஹாம்பர்க்ல வசிக்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சட்டம் பார்க்கிறது நீங்க எங்க வசிக்கிறீங்கன்னுதான். அதனால விக்கிறவர் பொய்யே சொல்லாம இருந்தாலும், வாங்குறவர் மாட்டிக்க வாய்ப்பு இருக்கு.

எவ்வளவு காசு? கிரீஸ்ல பொதுவான வாட் விகிதம் 24 சதவீதம். 32,000 யூரோவுக்குக் கணக்குப் போட்டா 7,680 யூரோ. "பேரம் பேசி 2,000 குறைச்சுட்டேன்"னு சந்தோஷப்படுறவருக்கு இது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால ரெண்டு காகிதம் கேளுங்க. ஒண்ணு, முதல்முதல்ல வாட் கட்டின ஒரிஜினல் இன்வாய்ஸ். ரெண்டு, அந்த டிசம்பர் ராத்திரி படகு எங்க இருந்ததுன்னு காட்டுற மரீனா பில்லோ, யார்டு ஒப்பந்தமோ. "கண்டிப்பா இங்கதான் இருந்துச்சு" என்பது காகிதம் இல்லை.

இன்னும் பழைய படகு பார்க்கிறவங்களுக்கு ஒரு தனி விதி இருக்கு. 1985க்கு முன்னாடி கட்டி, 1992 டிசம்பர் 31 அன்னிக்கு அப்போதைய ஐரோப்பிய சமூக நாடுகள்ல இருந்த படகுகளை வாட் கட்டினதாவே எடுத்துக்குவாங்க. அங்கேயும் பாருங்க, கேள்வி மறுபடியும் ஒரு ராத்திரி எங்க இருந்ததுங்கிறதுதான்.

சென்னையில இருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. உங்களுக்கு அந்த 18 மாச வழி பொருந்தலாம், படகு வெளிநாட்டுப் பதிவுல இருக்கணும். ஆனா ஷெங்கன் சுற்றுலா விசாவுல நீங்க 180 நாளைக்கு 90 நாள்தான் இருக்க முடியும். உங்களைவிட உங்க படகுக்கு நீளமான அனுமதி! அப்புறம் ரிசர்வ் வங்கியோட எல்ஆர்எஸ் திட்டத்துல ஒருத்தர் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைக்கும்தான் வெளியே அனுப்பலாம். இந்த மாதிரிப் படகுக்கு அது தாராளமா போதும்.

ரெண்டாவது கேள்வி: எதுல இடிச்சே?

இதுல பணத்தைவிடப் பெரிய விஷயம் இருக்கு. பாய்மரப் படகோட அடியில கீல்னு ஒண்ணு தொங்கும். இரும்பு இல்லைன்னா ஈயத்துல செஞ்ச கனமான துடுப்பு மாதிரி. காத்து பாயைத் தள்ளும்போது படகு கவிழாம நிமிர்த்தி வைக்கிறது அதோட எடைதான். நிறைய படகுகள்ல அதைப் பெரிய போல்ட்டுகள் போட்டு உடம்போட முடுக்கியிருப்பாங்க. உள்ளே, அந்த பாரத்தைத் தாங்க சட்டம் மாதிரி ஒரு அமைப்பை ஒட்டியிருப்பாங்க.

2014 மே மாசம், 'சீக்கி ரஃபிக்கி'ன்னு ஒரு 40 அடிப் படகு ஆன்டிகுவாவுல பந்தயத்தை முடிச்சுட்டு இங்கிலாந்துக்குத் திரும்பிக்கிட்டு இருந்தது. நாலு பேர் இருந்தாங்க. அட்லாண்டிக் நடுவுல தண்ணி உள்ளே வருதுன்னு தகவல் அனுப்பினாங்க. அதுக்கப்புறம் படகு தலைகீழா மிதக்கிறதைத்தான் கண்டுபிடிச்சாங்க. கீல் இல்லை. உயிர் காக்கும் மிதவை படகுலயே, வெச்ச இடத்துலயே இருந்தது. எடுக்கக்கூட நேரம் கிடைக்கலை. நாலு பேரும் திரும்பி வரலை.

பிரிட்டனோட கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை 2015ல அறிக்கை வெளியிட்டது. முன்னாடி நடந்த தரைதட்டல்களும், அதுக்கப்புறம் கீல் பகுதியில செஞ்ச பழுதுபார்ப்பும் சேர்ந்து, கீல் மாட்டியிருந்த இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம்னு அதுல சொல்லியிருக்காங்க. படகு 2006ல கட்டினது. எட்டே வருஷம். வயசைவிட வரலாறு முக்கியம்னு நான் சொன்னது இதனாலதான்.

தரைதட்டினா என்ன ஆகும்? ஓடிக்கிட்டு இருக்கிற படகோட கீல் பாறையில மோதினா, கீலோட அடிப்பக்கம் பின்னாடி தள்ளப்படும். முன் நுனி படகை விட்டுக் கீழே பிடுங்கப் பார்க்கும், பின் நுனி மேலே படகுக்குள்ள குத்தும். அதனால கீலுக்குப் பின்னாடி, உள்ளே இருக்கிற சட்டங்கள்ல விரிசல் இருக்கான்னு பார்க்கணும். தரைப் பலகையைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒரு இடத்துல மட்டும் புது பெயின்ட் இருந்தா, ஏன்னு கேளுங்க. வாடகைக்கு ஓடின படகுன்னா இன்னும் கவனம் வேணும். வாராவாரம் வேற வேற ஆளு ஓட்டியிருப்பாங்க, லேசா தட்டினதை எல்லாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

இதுக்குத்தான் சர்வேயர். நம்ம ஊர்ல நிலம் அளக்க வர்ற சர்வேயர் இல்லை, படகைப் பரிசோதிக்கிறவர். அவரை நீங்க தேடணும், நீங்க காசு கொடுக்கணும். புரோக்கர் நல்லவராவே இருக்கலாம், ஆனா அவருக்கு கமிஷன் வர்றது படகு வித்தாத்தான். சர்வேயர் சின்ன சுத்தியலால உடம்பு முழுக்கத் தட்டிக்கிட்டே வருவார். சந்தையில பாட்டி மண்பானையைத் தட்டி வாங்குவாங்களே, அதே வித்தைதான். கணீர்னு கேட்டா நல்லது. மந்தமா கேட்டா உள்ளே அடுக்கு பிரிஞ்சிருக்கலாம், தண்ணி ஊறியிருக்கலாம்.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன். பாய்மரத்தைப் பிடிச்சிருக்கிற இரும்புக் கயிறுகளை எப்போ மாத்தினாங்கன்னு கேளுங்க. 10, 15 வருஷம் தாண்டினா நிறைய காப்பீட்டு கம்பெனிகள் மாத்தச் சொல்லுவாங்க. இன்ஜின் செயில்டிரைவ் வகைன்னா, படகோட அடியில இருக்கிற ஓட்டையை ஒரு ரப்பர் சவ்வுதான் அடைச்சிருக்கு. வோல்வோ பென்டா அதை 7 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க, அதோட ரசீது வேணும். தண்ணிக்கடியில இருக்கிற பித்தளை வால்வுகளைச் சுரண்டிப் பாருங்க. இளஞ்சிவப்பா தெரிஞ்சா அதுல இருந்த துத்தநாகம் கரைஞ்சு போயிடுச்சுன்னு அர்த்தம், கை வெச்சாலே உடையலாம். இன்ஜினை நீங்க வர்றதுக்கு முன்னாடி சூடு பண்ணி வைக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுங்கிறதுலதான் விஷயம் இருக்கு.

மூணாவது கேள்வி: யாருக்குக் கடன்பட்டிருக்கே?

நிலம் வாங்கும்போது என்ன செய்வோம்? மூலப்பத்திரம் பார்ப்போம், வில்லங்கச் சான்றிதழ் போடுவோம். படகுக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவா ஒரு வில்லங்கச் சான்றிதழ் கிடையாது. ஆனா வில்லங்கம் உண்டு. கடல் சட்டத்துல சில கடன்கள் ஓனரை விட்டுட்டு படகோட ஒட்டிக்கும். மாலுமிகளுக்குப் பாக்கி வெச்ச சம்பளம், இன்னொரு படகை இடிச்ச நஷ்டம், ஆபத்துல மீட்டவருக்குத் தர வேண்டிய தொகை எல்லாம் அந்த வகை. படகு கை மாறினா கடனும் சேர்ந்தே வரும். யார்டு வாடகை பாக்கி இருந்தா, காசைக் கட்டுற வரைக்கும் படகை இறக்கியே விடமாட்டாங்க.

பிரிட்டிஷ் கொடி படகுன்னா இன்னொரு விஷயம். அங்க சின்னப் படகுகளுக்குன்னு ஒரு பதிவேடு இருக்கு, எஸ்எஸ்ஆர்னு சொல்வாங்க. அந்தச் சான்றிதழைக் காட்டி "இதுதான் ஓனர்ஷிப் பேப்பர்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. அந்தப் பதிவு உரிமைக்கு ஆதாரம் ஆகாது. படகு மேல கடன் இருந்தாலும் அதுல தெரியாது. அடமானம் பதிவாகிறது முதல் பாகம்னு சொல்ற வேற பதிவேட்டுல. அதனால கட்டினவர் கையில இருந்து இப்போதைய ஓனர் வரைக்கும் ஒவ்வொரு விற்பனைப் பத்திரமும் சங்கிலி மாதிரி தொடர்ந்து வரணும். நடுவுல ஒரு கண்ணி காணோம்னா, அதுக்கான காரணம் எழுத்துல வேணும். உங்க பேருக்கு மாத்தும்போது எந்த நாட்டுக் கொடி கிடைக்கும்ங்கிறதையும் முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே விசாரிங்க. அது நீங்க வசிக்கிற இடத்தை மட்டும் இல்லை, உங்க பாஸ்போர்ட்டையும் பொறுத்தது.

கடைசியா பணம். வழக்கம் இதுதான்: விலை பேசி, "சர்வேக்கு உட்பட்டு"ன்னு எழுதி, 10 சதவீதம் முன்பணம் கட்டுவாங்க. அது விக்கிறவர் கைக்குப் போகாம, புரோக்கரோட தனி கிளையன்ட் கணக்குல இருக்கணும். சர்வேயில பெரிய குறை வந்தா விலையைக் குறைக்கலாம், இல்லைன்னா முன்பணத்தை வாங்கிக்கிட்டு விலகலாம். எந்தக் குறை வந்தா விலகலாம்னு ஒப்பந்தத்துல தெளிவா இருக்கான்னு படிச்சுப் பாருங்க. அப்புறம் வருஷச் செலவு. படகு விலையில 10 சதவீதம் ஆகும்னு ஒரு பழைய கணக்கு சொல்வாங்க. மலிவான பழைய படகுக்கு அதை நம்பாதீங்க. 36 அடிப் படகுக்கு 36 அடிக்கான பாய், கயிறு, மரீனா வாடகைதான். நீங்க எவ்வளவு மலிவா வாங்கினீங்கன்னு கடையில இருக்கிற கயிறுக்குத் தெரியாது.

ஹாம்பர்க் நண்பருக்கு நான் அனுப்பின பதில் சின்னது. விமான டிக்கெட், கிரேன், சர்வேயர் மூணுக்கும் ஆகுற காசைப் படகு பட்ஜெட்ல சேர்க்காதீங்க. அதைத் தனியா எடுத்து வெச்சு, இப்பவே செலவு எழுதிடுங்க. ஏன்னா, அவ்வளவு தூரம் போய், அவ்வளவு காசு செலவு பண்ணி, வெயில்ல அந்தப் படகு மேல ஏறி நிக்கும்போது, "இவ்வளவு ஆச்சு, வாங்கிடலாம்"னு மனசு சொல்லும். ஆயிரம் யூரோவைக் காப்பாத்த 32,000 யூரோவைக் கொடுக்கிற இடம் அதுதான். மூணு கேள்வியில எதுக்காவது பதில் வரலைன்னா, மனைவியைக் கூட்டிக்கிட்டு கரையோரமா நல்ல மீன் சாப்பாடு சாப்பிட்டுட்டு வீட்டுக்குத் திரும்புங்க. அக்தியோவுல அடுத்த குளிர்காலமும் நூத்துக்கணக்கான படகு நிக்கும்.

அவர் அடுத்த வாரம் கிளம்புறார். சர்வேயரை அவரே பிடிச்சுட்டார். அந்த டிசம்பர் ராத்திரிக்கான மரீனா பில் இன்னும் வரலை. வந்தா, என்ன ஆச்சுன்னு சொல்றேன். உங்கள்ல யாராவது வெளிநாட்டுல பழைய படகு வாங்கியிருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன்.