பட்டா இல்லையேல் வீடு இல்லை!

(வடலூரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"அரசாங்க வீடு நமக்கு மட்டும் கிடைப்பதில்லை" என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறோம். பாரபட்சம் இருக்குமிடத்தில் போராடுவோம். அதற்கு முன் திட்டத்தின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்!

1985-ல் இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டம் வந்தது. 2006-ல் பிரதமரின் புதிய 15 அம்சத் திட்டம், அதில் சிறுபான்மையினருக்கும் ஒரு பங்கு ஒதுக்கச் சொன்னது. 2016-ல் அதுவே பிரதமரின் வீடு கட்டும் திட்டமாயிற்று. சமவெளியில் வீட்டுக்கு 1,20,000 ரூபாய். நூற்றுக்கு 60 மத்திய அரசு, 40 மாநில அரசு. 2024-ல் தமிழக அரசு 'கலைஞரின் கனவு இல்லம்' அறிவித்தது. 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு.

பணம் இருக்கிறது. தடை எங்கே? மனையில்! கனவு இல்லத்திற்குக் குடிசை மட்டும் போதாது, பட்டாவும் வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் கடலூர் மாவட்டத்துக் குடிசைகளைப் பிய்த்தெறிந்ததை மறந்துவிட்டீர்களா?

நம் வீடுகளில் நடப்பதென்ன? பாட்டனார் மவுத்தாகி முப்பது ஆண்டாகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது. பாகம் பிரிக்கவில்லை. விதவையாகித் தாய்வீடு திரும்பிய சகோதரி கொல்லைப்புறத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு வாழ்கிறாள். அவளுடைய பங்கை எழுதிக் கொடுத்தால் அவள் பெயரில் பட்டா வரும். வீடு கேட்க வழி பிறக்கும். அண்ணன் தம்பிகள் கொடுப்பதில்லை! சூரத்துந் நிஸாவில் அல்லாஹ் வகுத்த பங்கை மறித்துவிட்டு, அதிகாரியிடம் நீதி கேட்க நமக்கு என்ன தகுதி?

சொந்த மனையே இல்லாதவர் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. நிலமற்ற பயனாளிக்கு மாநில அரசு நிலம் தரவேண்டும் என்பது பிரதமர் திட்டத்தின் விதி. வீட்டுமனைப் பட்டா கேட்டு வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

இளைஞர்களே! ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: ஆண்டுக்கு ஆறு கிராம சபை. பயனாளிகள் பட்டியல் அங்கேதான் வாசிக்கப்படுகிறது. கைக்குட்டையை உதறிக்கொண்டு டீக்கடையில் நிற்காமல் அங்கே போய் அமருங்கள். விடுபட்ட பெயரைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வடலூர் 2021-ல் நகராட்சி ஆகிவிட்டதால் ஊருக்குள் இருப்போர் நகர்ப்புறத் திட்டத்தில் கேட்கவேண்டும். சுற்றுக் கிராமத்தார் குறிஞ்சிப்பாடி ஒன்றிய அலுவலகம் செல்லுங்கள்.

வியாபாரிகளே! வாரிசுச் சான்று, நில அளவை, பத்திரப் பதிவு ஆகியவற்றின் செலவே ஏழையை நிறுத்திவிடுகிறது. ஜமாஅத் அந்தச் செலவை ஏற்கட்டும். உங்கள் கடையில் ஒருநாள் வரும் லாபம், ஒரு சகோதரியின் தலைக்குமேல் கூரையாகும்.

இந்த ஜும்ஆவுக்குள் உங்கள் தெருவில் பட்டா இல்லாத வீடுகளைக் கணக்கெடுங்கள். முதலில் உங்கள் வீட்டுப் பாகத்தைப் பிரியுங்கள். அல்லாஹ் நம் முயற்சியை ஏற்பானாக. ஆமீன்.