கடல் மீனும் கரைக்குக் கரை வேறுபடும் பேதியும்



1950ஆம் வருஷம் ஜப்பான் தேசத்து ஒஸாகாவில், அவித்து அரைகுறையாக உலர்த்திய மத்திக் குஞ்சுகளைப் புசித்த 272 பேர் வயிற்றுவலியும் பேதியும் கண்டு வீழ்ந்தனர். அவர்களில் 20 பேர் மாண்டனர். புஜினோ என்னும் ஆராய்ச்சியாளர் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். விப்ரியோ பாராஹீமோலிடிகஸ் என்பது அதன் நாமம். நாமம் நாவில் நில்லாவிடினும் பாதகமில்லை; அதன் குணத்தை அறிதல் அவசியம்.

அது காலராக் கிருமிக்கு உறவு. ஆயினும் உப்பின்றி வளராது. வெதுவெதுப்பான கடலோர நீரே அதன் வாசஸ்தலம். இந்தியக் கரைகளில் பிடிபடும் மீனிலும் இறாலிலும் அது காணப்பட்டிருப்பதால், பாம்பனுக்கும் மண்டபத்திற்கும் விலக்குண்டென்று எண்ண இடமில்லை.

அங்ஙனமாயின் வியாதி மட்டும் கரைக்குக் கரை வேறுபடுவானேன்? ஜப்பானியர் மீனைப் பச்சையாகவும் உண்பர். 1998இல் அங்கே 12,000 பேருக்கு மேல் இவ்வியாதி கண்டது. இராமநாதபுரத்தாரோ மீனைப் புளிக்குழம்பில் நன்றாகக் கொதிக்கவைப்பர். கொதியில் கிருமி மாளும். குழம்புச் சட்டியே இக்கரையின் முதல் வைத்தியர் எனலாம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. பேதி கண்டவரின் மலத்தைப் பரீட்சிக்காத ஊரில் கணக்கும் எழாது. கல்கத்தாவில் ஆஸ்பத்திரி நோயாளிகளை இடைவிடாது பரீட்சித்து வந்தமையாலேயே, 1996இல் இக்கிருமியின் புதிய வகையொன்று தலையெடுத்தது தெரியவந்தது. ஏட்டில் இல்லாததை ஊரிலும் இல்லாததாகக் கொள்ளலாகாது.

தக்க உஷ்ணத்தில் இக்கிருமி சுமார் 10 நிமிஷத்திற்கொரு தரம் இரட்டிக்கும். ஒன்று ஒரு மணி நேரத்தில் 64 ஆகும். இரண்டு மணியில் 4,096. ஐஸில் வைத்த மீனிலோ பெருகாது. ஐஸ் வீண் செலவென்று வாதிப்போர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஜப்பானியர் 2001இல் மீனைச் சுத்த நீரில் கழுவி 10 டிகிரிக்குக் கீழே வைக்க விதி செய்தனர். அதன்பின் வியாதி வெகுவாகக் குறைந்தது.

அவித்த இறாலைப் பச்சை மீன் கிடந்த கூடையில் கொட்டினால் அவித்தது வீணே. அரிவாள்மனையையும் கூடையையும் கடல்நீரில் அலசி நிறுத்தாமல், கடைசியாக நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். நல்ல தண்ணீர் அரிதான இராமேசுவரத் தீவில் இது எளிதன்று. எனினும் ஒரு குடம் இதற்கென ஒதுக்கத் தகும். நெத்திலி அரையுலர்வில் எடை கூடி நிற்கும். அந்த ஆசையால் ஒரு வெயிலைக் குறைத்து விற்பதுண்டு. ஒஸாகாவில் 20 பேர் மாண்டதும் அரையுலர்ந்த மீனாலேதான்.