ஒரு கதவு மூடினால் எல்லாக் கதவும்

(ஈக்காட்டுத்தாங்கலில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"வெளிநாடு போகணும் சார்" என்று சொல்லாத மாணவர் இன்று குறைவு. விசாவோடு போகிறவர் கதை வேறு. உயிருக்குப் பயந்து ஓடியவர் கதை வேறு. நான் இரண்டாமவரைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

1983 கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் பலர் ராமேஸ்வரத்துக்குப் படகேறினார்கள். சிலர் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறினார்கள். 1987-இல் லண்டன் ஹீத்ரோவில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் உடைகளைக் களைந்து போராடினார்கள். அதே ஆண்டு பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. உரிய விசா இல்லாதவரை ஏற்றி வந்தால், விமானக் கம்பெனிக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம். ஆக, அகதியைத் தடுக்கிற வேலை டிக்கெட் கவுண்ட்டருக்கே வந்துவிட்டது!

பிறகு ஐரோப்பிய அரசுகள் கைகோத்தன. 1990-இல் டப்ளினில் கையெழுத்தாகி 1997-இல் அமலுக்கு வந்த ஒப்பந்தப்படி, ஒரு அகதியின் மனுவை ஒரே நாடுதான் விசாரிக்கும். பெரும்பாலும் அவர் முதலில் நுழைந்த நாடு. அகதியை நாட்டுக்கு நாடு பந்தாடக் கூடாது என்ற நல்ல நோக்கமும் அதில் உண்டு. ஆனால் அளவுகோல் நாட்டுக்கு நாடு வேறாச்சே!

இலங்கைத் தமிழர் ஒருவர், ஜெர்மனி மறுத்ததும் பிரிட்டன் போனார். பிரிட்டன் டப்ளினைக் காட்டி அவரை ஜெர்மனிக்கே அனுப்ப முனைந்தது. 2000-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் மனுவை ஏற்கவில்லை. ஆனாலும், ஒப்பந்தத்தைக் காட்டி ஒரு நாடு தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று சொல்லி வைத்தது. அந்தக் கருத்துதான் 2011-இல், ஓர் ஆப்கானியரை பெல்ஜியம் கிரீஸுக்கு அனுப்பியது தவறு என்ற தீர்ப்புக்கு வழி செய்தது.

சரி, நம்ம வீடு எப்படி? 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இடம்பெறவில்லை. தமிழ்நாட்டு முகாம்களிலேயே பிறந்து, இங்கேயே பட்டம் வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். படிப்பு கிடைத்தது, வேலை கேட்டுப் போனால் முகவரியிலேயே தடுக்கிறது.

டப்ளினை நம்மால் திருத்த முடியாது. ஆனால் இங்கேயும் கிண்டி தொழிற்பேட்டையிலும் கம்பெனி நடத்துகிற நண்பர்களே, முகாம் முகவரியோடு ஒரு விண்ணப்பம் உங்கள் மேஜைக்கு வந்தால் ஓரமாக வைக்காதீர்கள். கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். அந்தக் கதவு உங்கள் கையில்தான் இருக்கிறது.