கரும்பை அடியோடு வெட்டுவோம்

(சொறிக்கல்முனையில் கரும்பு வெட்டுத் தொழிலாளர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)

 

கழிவைக் குறைக்கிறது, தரத்தைக் கூட்டுறது எண்டால் அது ஆலைக்குள்ள நிக்கிற இஞ்சினியர்மாருடைய வேலை எண்டு நம்மில் பலர் நினைக்கிறம். கரும்பில் அது சரிவராது. சீனி விளைவது வயலில். ஆலை அதைப் பிழிந்து எடுக்கிறது மட்டும்தான். வயலில் விட்ட சீனியை எந்த மெஷினும் திருப்பித் தராது.

100 கிலோ கரும்பில் கிடைக்கிற சீனி 8, 10 கிலோ அளவுதான். முற்றின கரும்பில் அடிப்பக்கம்தான் இனிப்புக் கூட. சின்னப் பிள்ளைகளைக் கேளுங்க, அடித்துண்டுக்குத்தான் சண்டை பிடிப்பார்கள். குனியப் பஞ்சிப்பட்டு அரை அடி உயரத்தில் வெட்டினால் ஆக நல்ல துண்டை மண்ணில் விட்டுட்டு வாறம். அந்த உயரக் கட்டையில் மேற்கணுவால் வருகிற முளை மண்ணில் சரியாக வேர் பிடிக்காது. அடுத்த விளைச்சலும் குறையும்.

நுனியில் சீனி குறைவு. நுனியும் தோகையும் ஆலைக்குப் போனால் சக்கை கூடும், அந்தச் சக்கை நல்ல சாற்றையும் உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். (சக்கை வீண் இல்லை, கொதிகலனுக்கு அதுதான் விறகு. அதோடு சீனியையும் சேர்த்து எரிக்கிறதுதான் வீண்.) கூடவருகிற மண் உருளைகளைத் தேய்க்கும். "நிறைக்குத்தானே காசு, தோகையும் கிடக்கட்டும்" எண்டு சிலர் சொல்லுறதும் எனக்குத் தெரியும். தராசில் ஏறுகிற அந்த நிறை சீனியாகாது.

வெட்டின நேரத்திலிருந்தே கரும்பு கெடத் தொடங்கும். கிருமி சேர்ந்து, சீனி படியாத வேறு பொருளாக மாறும். 24 மணித்தியாலத்துக்குள் அரைக்க வேணும். எரித்து வெட்டின கரும்பு இன்னும் கெதியாய்க் கெடும். இதில் தொழிலாளியைக் குறை சொல்ல நான் வரவில்லை. டிரக்டர் வராமல் இரண்டு நாள் வெயிலில் கிடந்த கரும்புக்கு வெட்டினவர் எப்படிப் பொறுப்பு? நிருவாகம் ஏற்றக்கூடிய அளவுக்குத்தான் வெட்டச் சொல்ல வேணும். கட்டு வெட்டின நாளையும் நேரத்தையும் துண்டில் எழுதி வையுங்க. பிறகு நிறை குறைந்தது எண்டு வந்தால் அந்தத் துண்டுதான் உங்கட சாட்சி.

பக்கத்து ஹிங்குராணை ஆலை 1997இல் மூடினது. திரும்பவும் 2012இல்தான் ஓடத் தொடங்கினது. மூடினதுக்குக் காரணம் பல. ஆனால் ஆலை நிண்டால் வெட்டுக்கூலியும் நிண்டுபோகும்.

நாளைக்கு எத்தனை டிரக்டர் வருகுது எண்டு இண்டைக்கு இரவே கேட்டுச் சொல்லுறன். அதற்குப் பிறகு கத்தியைத் தீட்டுங்க.