மாடி ரூம் சும்மாதானே கிடக்கிறது?



விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டை ஒட்டிய தெருக்களிலோ, திண்டிவனம் கிடங்கல் பக்கமோ ராத்திரி ஏழரை மணிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கீழ் வீட்டில் டியூப்லைட் எரியும், சீரியல் ஓடும். மாடி இருட்டிக் கிடக்கும். பையனுக்குக் கல்யாணம் ஆனால் தனியாக இருக்கட்டும் என்று லோன் போட்டுக் கட்டிய மாடி அது. பையனுக்கு இப்போது சிறுசேரியில் வேலை, மேடவாக்கத்தில் பிளாட். பெண் பெங்களூரில். வடாம் காய வைக்க அம்மா மட்டும் மாடி ஏறுகிறார், அதுவும் முழங்கால் வலி இல்லாத நாளில்.

பூட்டிக் கிடக்கிற அறையால் செலவு இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நகராட்சி அதற்கும் சேர்த்துத்தான் சொத்து வரி போடுகிறது. ஆள் புழங்காத பாத்ரூமில் பீங்கானில் நிற்கும் தண்ணீர் வற்றினால் குழாய் வழியாக வாடை மேலே ஏறும், கூடவே கரப்பானும் வரும். ஐப்பசி மழையில் ஜன்னல் கட்டை ஊறிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் கதவு நிலையில் கரையான் கோடு போட்டிருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் மாடிப்படி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காம்பவுண்டுக்குள் வெளிப்பக்கமாக ஏறுகிற படியா, இல்லை ஹாலுக்குள்ளிருந்தே ஏறுகிற படியா? பாதி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது. தனி வழி, தனி பாத்ரூம், தனி மீட்டர், இந்த மூன்றும் இருந்தால் அது போர்ஷன், வாடகைக்கு விடலாம். மீட்டரை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே இணைப்பில் இரண்டு குடும்பம் இருந்தால் இலவச 100 யூனிட் ஒரு முறைதான் கிடைக்கும். யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். யார் ஏசி போட்டது என்று மாதம் தவறாமல் சண்டை வரும். படி ஹாலுக்குள் இருந்தால் வாடகை எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்த அறைக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

வாடகைக்கு ஆள் வருவார்களா என்று நம் ஊர்களில் சந்தேகப்பட வேண்டியதே இல்லை. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கத்துத் தண்டவாளமும் விழுப்புரத்தில் கூடுகிறது. 1993-ல் தனி மாவட்டம் ஆனதிலிருந்து கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் மாற்றலாகி வருகிறவர்கள் ஓய்ந்ததே இல்லை. முண்டியம்பாக்கத்தில் 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதை நம்பி நர்சுகள், லேப் டெக்னீஷியன்கள், பயிற்சி டாக்டர்கள் வந்தார்கள். திண்டிவனத்தில் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம், பொறியியல் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்தில் 2024-ல் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். விழுப்புரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசே தோழி விடுதி நடத்துகிறது. தேவை இல்லாமலா நடத்துவார்கள்?

பிறகு ஏன் அத்தனை மாடி இருட்டாக இருக்கிறது? கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் அறை காலியாக இருப்பதற்குக் காரணம் வாசலில் நாம் கேட்கிற கேள்விகள். ஃபேமிலியா? கறி சமைப்பீங்களா? எந்த ஊர், அங்கே எந்தத் தெரு? கடைசிக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், நிற்கிறவருக்கும் தெரியும். வந்திருப்பது தனியாக வேலை பார்க்கும் நர்ஸ் பெண் என்றால், நைட் டியூட்டி என்று இன்னொரு காரணம் கிடைத்துவிடுகிறது. ராத்திரி முழுக்க நம் வீட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ள அந்தப் பெண் வேண்டும், நம் மாடியில் மட்டும் வேண்டாம். கேட்க வேண்டியது வேலை என்ன, அடையாள அட்டை இருக்கிறதா, வாடகை எந்தத் தேதியில் வரும் என்பவைதான். மற்ற கேள்விகளை விட்டுவிட்டால் டு-லெட் போர்டு ஒரு மாதம்கூடத் தொங்காது.

சட்டம் பற்றிக் கொஞ்சம். 1960-ம் வருடத்து வாடகைச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு மாதிரி பேசி எழுதிக்கொண்டால் ஒழிய, குடியிருக்கிற வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. குடியிருப்பவரோடு மனஸ்தாபம் என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. நாலைந்து கட்டில் போட்டு லேடீஸ் ஹாஸ்டல் என்று போர்டு மாட்டுவதாக இருந்தால் விஷயம் இன்னும் பெரிது. 2014-ம் வருடத்துச் சட்டப்படி கலெக்டரிடம் பதிவு வேண்டும். ஆரோவில் பக்கம், கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையத்தில் வீடு உள்ளவர்கள் வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும். தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

நம் பக்கத்தில் வாடகையைவிட போக்கியத்தை விரும்புகிறவர்கள் உண்டு. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு மூன்று வருடம் வீட்டை விடுவது. கேட்பதற்கு நன்றாக இருக்கும். அந்தப் பணத்தில் பெண்ணுக்கு நகை வாங்குவோம், இல்லையென்றால் பழைய கடனை அடைப்போம். மூன்று வருடம் முடிந்ததும் அவர் பணத்தைக் கேட்டு நிற்பார். அடுத்த போக்கியக்காரரைத் தேடிப் பிடித்து அவரிடம் வாங்கி இவரிடம் கொடுக்க வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் வட்டிக்கு வாங்க வேண்டும். அந்தத் தொகை அப்படியே பேங்கில் கிடக்கும் என்கிற உறுதி இருந்தால் மட்டும் போக்கியத்துக்கு விடுங்கள். மாதா மாதம் வருகிற வாடகை சிறியதுதான், ஆனால் யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை.

இனி ஹாலுக்குள் படி இருக்கிற வீட்டுக்கு வருவோம், கீழேயே ஓர் அறை உபரியாக இருக்கிற வீட்டுக்கும் சேர்த்து. இதற்கு நம் மாவட்டத்திலேயே அருமையான முன்மாதிரி இருக்கிறது. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடி, பிள்ளைகள் எழுத்தை மறந்த நேரம். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள், ஒரு குழுவுக்கு இருபது பேர் வரை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்து உட்காருவார்கள். சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே தெருப் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பெஞ்சு கிடையாது, திண்ணையும் முன் அறையும் ஒரு பாயும்தான். கல்யாணமாகி வந்து, படித்த பட்டத்தைப் பீரோவில் பூட்டி வைத்திருந்த மருமகள்களைத் தெருவே டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அறையைப் பெருக்கிச் சுவருக்குக் கரும்பலகைப் பெயிண்ட் அடித்துக் கொடுங்கள், போதும்.

டியூஷன் வேண்டாம், தையல் போடுகிறேன், ஆடிட்டர் வேலையை வீட்டிலேயே பார்க்கிறேன், மாவு அரைத்து விற்கிறேன் என்றால், கரண்ட் விஷயத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். டாக்டர், வக்கீல் போன்றவர்கள் தாம் குடியிருக்கும் வீட்டோடு சேர்ந்தாற்போல் 200 சதுர அடிக்குள் வைத்திருக்கும் ஆலோசனை அறைக்கு வீட்டுக் கட்டணமே போதும் என்கிறது மின்வாரியம். வீட்டில் தறி வைத்திருக்கும் கைத்தறி நெசவாளிக்கும் அப்படியே. கடை அப்படி அல்ல. வீட்டு மீட்டரில் ஃப்ரிட்ஜ் ஓட்டி மாவும் கூல்டிரிங்கும் விற்றால், பறக்கும் படை வந்து அபராதம் போடுகிற அன்றைக்கு மொத்த லாபமும் போய்விடும்.

தோட்டத்துப் பக்கம் தனி அறை இருந்தால் காளான் பற்றி யோசிக்கலாம். வைக்கோலை ஐந்து சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, ஊற வைத்து, வேக வைத்து, ஈரப்பதமாக உலர்த்தி, பாலிதீன் பையில் அடுக்கடுக்காக விதை தூவிக் கட்டித் தொங்க விட வேண்டும். சிப்பிக் காளானுக்குக் குளுமை வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குப் பால் காளான்தான் தாங்கும். படுக்கை அறையில் மட்டும் வைக்காதீர்கள். சிப்பிக் காளான் விரிந்தால் கண்ணுக்குத் தெரியாத வித்துத் தூள் பறக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு திணறும். செய்முறையை யூடியூபில் பார்ப்பதைவிட, திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேட்டுக்கொள்வது நல்லது.

கீழ்த்தள அறையைக் குடோனாக விடுகிறேன், அரிசி மூட்டை போடுகிறேன் என்பவர்கள் 2024 நவம்பர் 30-ஐ மறந்திருக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்றைக்குத் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று சுவரிலேயே தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே எந்தச் சரக்கும் வேண்டாம்.

எல்லாம் சரி, அறை காலியாக இருந்தால்தானே! திறந்து பார்த்தால் கால் ஒடிந்த கட்டில், சீர் கொண்டுவந்த பித்தளை அண்டா, டிவி வந்த அட்டைப்பெட்டி, அரசு கொடுத்து இன்னும் பிரிக்காத மிக்சி, பையனின் பாலிடெக்னிக் நோட்டுகள். பெரியவர்களால் இதைக் கழிக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வார்கள். அம்மாக்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. வாடகைக்கு விட்டுவிட்டால் பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்து எங்கே படுப்பார்கள்? போகிக்கு வந்து காணும் பொங்கலோடு கிளம்புகிறவர்கள் ஹாலில் பாய் போட்டுப் படுக்கட்டும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. நாலு நாளுக்காக வருடம் முழுக்க ஒரு மாடியைப் பூட்டி வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

மார்கழியில் நம் ஊரில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் பொங்கலுக்குப் பிள்ளைகள் வரும்போது அந்த அறையை அவர்களை வைத்தே காலி செய்யுங்கள். லோன் பையன் பேரில் ஓடுகிறது என்றால், வாடகைப் பணம் யார் கணக்கில் விழும் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். அண்ணன் தம்பிக்குள் பிறகு பேச்சு வரக் கூடாது. டு-லெட் போர்டைக் காணும் பொங்கலுக்கு மறுநாள் மாட்டினால் போதும். வீடு தேடுகிறவர்கள் தையில்தான் தெருத் தெருவாக வருவார்கள்.